மூன்று பேர் பூட்டிய கணினி

வீடியோ கேம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அக்காள் மகன் சாப்பிடக் கூப்பிட்டால் வராததற்கு அதுதான் காரணம் என்பது மட்டும். அப்படிப்பட்ட என்னை, ஒரு கேம் ஸ்டூடியோவின் வரலாற்றை எழுதி வா என்று கடலூருக்கு அனுப்பி வைத்தார்கள். நான் வேலை செய்வது கோலாலம்பூரில், பழைய கைப்பேசி விளையாட்டுகளை வாங்கி இப்போதைய போன்களில் ஓடும்படி புதுப்பித்து வெளியிடும் ஓர் அலுவலகத்தில். அங்கே நான் மொழிபெயர்ப்பாளர். தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

விளையாட்டின் பெயர் 'கடலூர் டு சிதம்பரம்'. இரண்டு தனியார் பஸ்கள், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கடலூரில் ஒன்றாகக் கிளம்பி, வழியில் ஆள் ஏற்றி இறக்கி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் யார் முதலில் நுழைகிறார்கள் என்பதுதான் போட்டி. ஒரு காலத்தில் மலேசிய ஊரான ஈப்போவில் என் அக்காள் மகன் சோறு தண்ணி இல்லாமல் இதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். செய்தவர்கள் 'ரெட்டை விசில்' என்ற சின்ன ஸ்டூடியோ. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். பெயர் அங்கிருந்து வந்தது. ஸ்டூடியோவை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போதைய போன்களில் அந்த விளையாட்டு திறக்கவே திறக்காது.

எனக்கு இரண்டு வேலை. இரண்டு பக்க வரலாறு ஒன்று. விளையாட்டின் மூல நிரலை ஒரு பிரதி எடுத்து வருவது இன்னொன்று. நிரல் என்றால், விளையாட்டு எப்படி நடக்க வேண்டும் என்று கணினிக்கு எழுதி வைத்த கட்டளைகள் என்று விளக்கினார்கள். "அது இல்லாமல் திரும்பினால் இந்த விளையாட்டை மறந்துவிடுவோம், வேறு விளையாட்டு பார்ப்போம்" என்று என் மேலாளர் மலாயில் மிக இனிமையாகச் சொன்னார். மலாயில் எதைச் சொன்னாலும் இனிமையாகத்தான் இருக்கும்.

செம்மண்டலத்தில் பெரிய சாலையைப் பார்த்தபடி ஒரு செல்போன் கடை. அதன் முதலாளி செந்தில், ரெட்டை விசிலை ஆரம்பித்த மூவரில் ஒருவர். விளையாட்டைப் புதுப்பித்துத் தரச் சொல்லி எங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டவரும் அவர்தான். நாற்பதை நெருங்குகிற, உட்காரவே தெரியாத மனிதர். என்னைக் கண்டதும் கையிலிருந்த யாருடைய போனையோ திறந்தபடியே போட்டுவிட்டு டீ சொன்னார். எங்கள் ஊர்த் தே தாரேக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் டீ, ஒரு கோப்பை குடித்தால் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிடலாம். இங்கே கண்ணாடித் தம்ளரில் வந்தது இரண்டு வாய். குடித்து முடித்ததும் இன்னொன்று வந்தது. மறுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதையும் குடித்தேன்.

"எம் பொண்ணு கேக்குது மேடம், நீ செஞ்ச கேம காட்டுப்பான்னு. எந்தப் போன்ல காட்டுவேன்? ஊரு போனையெல்லாம் ரிப்பேர் பண்றேன், என் கேம் ஒண்ணுலயும் ஓட மாட்டுது" என்றார் செந்தில்.

ஸ்டூடியோ எங்கே தொடங்கியது என்று கேட்டேன். இதே கடையின் மாடியில்தான், ஒரு புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் மூன்று பேரும் உட்கார்ந்து தாளில் பஸ் படம் வரைந்து ஆரம்பித்தோம் என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு மாடிக்கு அழைத்துப்போய், கைலி போர்த்தி வைத்திருந்த ஒரு கணினியைக் காட்டினார். நிரல் அதற்குள் இருக்கிறது. ஆனால் திறக்க முடியாது. கடவுச்சொல் மூன்று துண்டு. ஒரு துண்டு செந்திலிடம், மற்ற இரண்டும் கூட்டாளிகளான ரியாஸிடமும் அமலாவிடமும். ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று சத்தியம்.

"வேறு பிரதி இல்லையா?" என்றேன்.

"காப்பி எடுத்தா ஏமாத்திட்டான்னு ஆயிடும்ல மேடம்? அதனால யாருமே எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம். தப்பாத் தப்பாப் போட்டு நோண்டுனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும். அமலா போட்ட பூட்டு, சும்மாவா?"

காரணத்தைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். நீல பஸ், செந்திலின் மாமா நிஜத்தில் ஓட்டிய வண்டியைப் பார்த்துச் செய்தது. மஞ்சள் பஸ், ரியாஸ் தினமும் தொங்கிக்கொண்டு போன வண்டி. விளையாட்டு பிரபலமானதும், நீல பஸ்ஸின் வேக எண்ணைச் செந்தில் யாருக்கும் தெரியாமல் துளி ஏற்றியிருக்கிறார். ரியாஸும் மஞ்சளுக்கு ஏற்றியிருக்கிறார். யார் முதலில் ஏற்றினார்கள் என்பதில்தான் சண்டை. சமாதானம் ஆகும் வரை யாரும் தனியாகத் தொடக் கூடாது என்று அமலா மூன்று துண்டுப் பூட்டைப் போட்டார். சமாதானம் ஆகவில்லை. ரியாஸ் வளைகுடாவுக்குப் போனார், வேலைக்கு இருந்த பசங்கள் சென்னைக்குப் போனார்கள், ஸ்டூடியோ முடிந்தது. போனில் ஓடும் பொம்மை பஸ்ஸின் வேகத்துக்காக ஒரு கம்பெனியையே மூடுவார்களா என்று எனக்குப் புரியவில்லை. "ரியாஸ் சார் லீவுல லால்பேட்டை வந்திருக்காரு. நீங்களே போயி அவுருகிட்ட கேளுங்க" என்றார் செந்தில். மச்சான் என்று கூப்பிட்டுத் திரிந்தவர்களாம். கோபம் வந்தால் மரியாதை கூடுகிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அமலாவைப் பார்க்கச் சிதம்பரம் பஸ் ஏறினேன். அது நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆலப்பாக்கத்தில் பஸ் நின்றதும் எங்கள் கண்டக்டர் குதித்து ஓடிப்போய், முன்னால் நின்ற இன்னொரு பஸ்ஸின் கண்டக்டரோடு கை நீட்டிக் கத்த ஆரம்பித்தார். விபத்து என்று நினைத்து நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி சிரித்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. நம்ம வண்டி டைம்ல அவன் நின்னு ஆள் ஏத்திட்டான். தெனம் நடக்கறதுதான்."

"அவர்கள் விரோதிகளா?"

"அய்ய, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிப்பாங்க."

எங்கள் ஊரில் பஸ் தாமதமானால் மன்னிப்பு அறிவிப்பு ஒட்டுவார்கள். இங்கே நம் நேரத்தில் அடுத்த வண்டி நின்றதற்குச் சண்டை. பொம்மை பஸ் சண்டை லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. அதற்குள் கண்டக்டர் வந்து, ஸ்டாண்டா பைபாஸா என்று கேட்டார். எது நல்லது என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் பைபாஸில், சுற்றிலும் வயலைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குள் கொண்டுபோய்விட்ட ஆட்டோக்காரர் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், சொந்தத் தங்கையைத் திட்டுவதுபோல.

அமலா ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறார். சுவரில் சின்னச் சிலுவை, மேசை நிறைய விடைத்தாள். நிதானமான முகம். நான் வாய் திறப்பதற்குள் இட்லியும் கொத்சும் வைத்தார். சுட்ட கத்தரிக்காயும் புளியும் சேர்ந்த அந்தக் குழம்பை நான் கிண்ணத்தோடு குடித்திருப்பேன், பார்க்க ஆள் இல்லாவிட்டால். ஸ்டூடியோ எங்கே தொடங்கியது என்று கேட்டேன். தன் கல்லூரி ஆய்வகத்தில் என்றார். கடலூர் மாடியும் புயலும் என்ன ஆயின என்று கேட்டதற்கு, அதெல்லாம் பிற்பாடு என்றார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

"பாஸ்வேர்ட் போட நான் வரலக்கா. அது தெறக்காம இருக்கறதுதான் நல்லது" என்றார்.

"திறக்காவிட்டால் விளையாட்டே போய்விடுமே."

"போவட்டும். தெறந்தா அவுங்க ரெண்டு பேரும் போயிடுவாங்க."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே தட்டில் விளக்கினார். ஓர் இட்லியை முன்னால் தள்ளி வைத்தார், ஒன்றைப் பின்னால். விளையாட்டில் பின்தங்குகிற பஸ்ஸுக்கு நிரலே கொஞ்சம் வேகம் கூட்டும். முந்துகிற பஸ்ஸுக்குக் கொஞ்சம் குறைக்கும். ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. அதனால் இரண்டும் எப்போதும் ஒட்டி ஒட்டியே போகும், கடைசி வளைவு வரை யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாது. இதை எழுதியவர் அமலா. கூட்டாளிகள் இருவரிடமும் சொல்லவில்லை.

"அப்படியானால் அவர்கள் ஏற்றிய வேகம்?"

"எவ்ளோ ஏத்தினாலும் ஒண்ணுதான். அந்த நம்பரால ஒண்ணும் ஆவாது." அமலா இரண்டு இட்லிகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். "தன் வண்டியாலதான் கேம் ஓடுதுன்னு ரெண்டு பேருக்கும் அவ்ளோ சந்தோஷம். எப்படிச் சொல்வேன்? சண்ட வந்தப்ப ரெண்டு நாள்ல அடங்கிடும்னு பூட்டுனேன். அடங்குறதுக்குள்ள அவன் ஃபிளைட் ஏறிட்டான். இல்லாத ஒண்ணுக்காக மூடுனோம்னு இப்பப் போய் எந்த வாயால சொல்றது?"

நிரல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அதைப் படிக்கிறவர்கள் வெளியே சொல்லிவிடுவார்கள். வராவிட்டால் செந்தில் தன் மகளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. யாருக்காகப் பேசுவது என்று குழம்பி, இன்னொரு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

லால்பேட்டையில் ரியாஸ் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கேட்ட முதல் ஆளே கூட வந்து விட்டுவிட்டுப் போனார். ரியாஸுக்குப் பெரிய மனிதர்போலத் தாடி, குழந்தைபோலச் சிரிப்பு. விருந்து முடியும் வரை வேலை பற்றி ஒரு வார்த்தை பேச அவர் வீட்டார் விடவில்லை. நெய்ச்சோறு, தாளிச்சா, கறி. இலையை மறைத்துக் கை நீட்டினால், கைக்கு அந்தப் பக்கம் சோறு விழுந்தது. எங்கள் ஊரில் போதும் என்றால் போதும்தான். இங்கே போதும் என்பது ஆரம்பம் என்று புரிந்தபோது எழுந்திருக்க முடியாமல் இருந்தேன்.

ஸ்டூடியோ எங்கே தொடங்கியது என்று அவரிடமும் கேட்டேன். "சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல மேடம். கடலூர் வண்டி வரவே இல்ல. மூணு பேரும் நின்னு நின்னு கால் கடுத்துப் போயி, பேசாம நாமளே ஒரு பஸ் வுடுவோம்டான்னு சிரிச்சோம். அங்கதான்" என்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"செந்தில் சார் கடைக்கு நான் எப்படி மேடம் வர்றது? நான் ஏமாத்துனேன்னு பசங்க முன்னாடி சொன்னவரு அவரு" என்றார் ரியாஸ். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மறுபடி வளைகுடா கிளம்புகிறார். "ஒண்ணு சொல்றேன். எங்க மூணு பேர்ல கடைசி வரைக்கும் நேர்மையா நின்னது அமலா ஒண்ணுதான். அது வந்து நடுவுல ஒக்காந்தா நானும் வர்றேன், இன்ஷா அல்லாஹ்."

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை; சொல்லாமல் அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கவும் கூச்சமாக இருந்தது. தெருவுக்கு வந்ததும் அமலாவுக்குப் போன் செய்து, ரியாஸ் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

"நேர்மையா நின்னேன்னா சொன்னான்?" என்று கேட்டார் அமலா. நான் ஆமாம் என்று சொல்லி, நாளைக் காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ரியாஸோடு காத்திருப்பேன் என்றதும் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், நான் சொன்ன இடத்தில் ரியாஸ் நின்றார். அமலா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். பஸ்ஸில் ரியாஸ் சவூதி சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அமலா கடலூர் வரும் வரை ஜன்னலைத்தான் பார்த்தார்.

மாடி அறையில் செந்தில் கைலியை எடுத்து மடித்தார். வாங்க என்று இருவரையும் பொதுவாகச் சொன்னார், சுவரைப் பார்த்து. முதலில் அமலா அடித்தார்; ஆண்கள் இருவரும் திரும்பி நின்றார்கள். என்னை யாரும் திரும்பச் சொல்லவில்லை, நானும் திரும்பிக்கொண்டேன். பிறகு செந்தில், பிறகு ரியாஸ். கணினி ஒரு கிழவர் எழுந்திருக்கிற மாதிரி முனகி, திறந்தது.

செந்தில் விறுவிறுவென்று ஒரு வரியைத் தேடிப் பிடித்தார். "இதோ பாருங்க மேடம். மஞ்ச வண்டி நம்பரு. ரியாஸ் சார் ஏத்துனது."

"அதுக்கு மேல் வரியையும் படிங்க. நீல வண்டி. அது தானா ஏறிச்சா?" என்றார் ரியாஸ்.

எனக்கு இரண்டும் வெறும் எண்களாகத்தான் தெரிந்தன. மறுபடி ஆரம்பமாகிறது என்று நான் நினைப்பதற்குள், அமலா கை நீட்டி மஞ்சளின் எண்ணை இரண்டு மடங்காக்கினார். நீலத்தைப் பாதியாக்கினார். "இப்ப ஓட்டுங்க ரெண்டு பேரும்" என்றார்.

ஒரே விசைப்பலகை. செந்திலும் ரியாஸும் தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். மஞ்சள் பஸ் பாய்ந்தது. ரியாஸ் சிரித்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் நீலம் பின்னால் தெரிந்தது. பி.முட்லூரில் பக்கத்தில் வந்துவிட்டது. சிதம்பரம் வளைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. செந்தில் எண்களை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதேதான்.

"இது எப்பலேர்ந்து?" என்று கேட்டார் செந்தில்.

"மொதல்லேர்ந்து" என்றார் அமலா. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, யாரையும் பார்க்காமல்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் கத்தினார்கள். நாலு பசங்களை வேலையை விட்டு அனுப்பினேனே என்றார் செந்தில். இது தெரிந்திருந்தால் நான் அந்தப் பாலைவனத்துக்கே போயிருக்க மாட்டேனே என்றார் ரியாஸ். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கத்துங்க, இன்னும் நல்லாக் கத்துங்க. ரெண்டு பேரும் ஒரு பக்கம் நின்னு எவ்ளோ நாளாச்சு" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அதை எடுத்துடு. யாரு வேகமோ அவன் ஜெயிக்கட்டும்" என்றார் செந்தில். அமலா எடுத்துவிட்டார். மறுபடி ஓட்டினார்கள். வேக எண் அதிகமாக இருந்த நீலம் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் கண்ணுக்கே தெரியவில்லை. செந்தில் பாதி வழியில் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நல்லால்ல" என்றார்.

"நல்லாவே இல்ல. திரும்பப் போடு அமலா" என்றார் ரியாஸ்.

அமலா திரும்பப் போட்டார். என் பென் டிரைவைச் செருகினார். பிரதி ஏறிக்கொண்டிருந்தது. இதுதான் சமயம் என்று, ஸ்டூடியோ தொடங்கிய இடம் என்று வரலாற்றில் எதைப் போடுவது என்று கேட்டேன். மூவரும் ஒரே நேரத்தில் மூன்று இடங்களைச் சொன்னார்கள். கீழே சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ரியாஸ் எழுந்து ஜன்னலில் நின்று பார்த்தார்.

"ஒவ்வொரு லீவுக்கும் மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு இந்த வழியாத்தான் போறேன். ஒன் கடை வர்றப்ப தலைய குனிஞ்சுக்குவேன்" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"தெரியும். பாத்துக்கிட்டுதான் இருப்பேன்" என்றார் செந்தில்.

"பாத்தியா? ஒரு கொரலு குடுத்திருக்கலாம்ல?"

"நீ குனிஞ்சிட்டியேடா."